ஓட்டுநர் இல்லாத ரயில்: கிளானா ஜெயா எல்ஆர்டி பற்றி பிளான் வரைபவள் ஒருத்தியின் மதிப்பீடு

ஓட்டுநர் இல்லாத கார் வந்தால் கோலாலம்பூர் எப்படி மாறும் என்று எங்கள் அலுவலகத்தில் அடிக்கடி பேச்சு வருகிறது. கார் நிறுத்துமிடமே தேவைப்படாது, சாலை காலியாகிவிடும், ஊர் முழுக்கப் பூங்கா வைக்கலாம் என்று ஒருவர் சொல்வார். நெரிசல் இன்னும் மோசமாகும் என்று இன்னொருவர் சொல்வார். ஆனால் இந்த ஊரில் ஓட்டுநர் இல்லாத வண்டி 1998 செப்டம்பர் முதலே ஓடிக்கொண்டிருக்கிறது. அது ஒரு எல்ஆர்டி, அதாவது இலகு ரயில். முதலில் அதன் பெயர் புத்ரா எல்ஆர்டி, இப்போது கிளானா ஜெயா தடம். வரப்போகும் காரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், கையில் இருக்கும் ரயிலை ஒழுங்காக எடைபோட்டுப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. நான் கட்டட பிளான் வரைபவள். இத்தனை வருட வேலையில் பெரும்பகுதி கார் நிறுத்துமிடம் வரைவதிலேயே போயிருக்கிறது. வீடு பிரிக்பீல்ட்ஸ், அலுவலகம் பெட்டாலிங் ஜெயா. கே.எல். சென்ட்ரலில் ஏறி ஆசியா ஜெயாவில் இறங்குகிறேன்.

முதலில் ரயில். நல்ல ரயில், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நெரிசல் நேரத்தில் ஒன்றைத் தவறவிட்டால் சில நிமிடத்தில் அடுத்தது வந்துவிடும். குடிமக்களுக்கு மை50 அட்டை இருக்கிறது: 50 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் 30 நாளைக்கு நகரப் பொதுப் போக்குவரத்தான ரேப்பிட் கேஎல் ரயிலிலும் பஸ்ஸிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். பெட்ரோலும் டோலும் பார்க்கிங்கும் போட்டு மாதக் கணக்குப் பார்க்கிற யாருக்கும் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். குறை என்றால் காலை 7 மணியிலிருந்து 9 வரைக்கும் உள்ள கூட்டம். கே.எல். சென்ட்ரலில் கதவு திறந்ததும் உள்ளே இருப்பவர்கள் இறங்குவதற்குள் வெளியே நிற்பவர்கள் ஏறப் பார்ப்பார்கள். வயதானவர்களை அழைத்துப் போவதென்றால் 10 மணிக்கு மேல் கிளம்புங்கள்.

அம்மாவைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போன ஒரு நாள் முதல் பெட்டியில் இடம் கிடைத்தது. எதிரே பெரிய கண்ணாடி. ஓட்டுநர் அறை இருக்க வேண்டிய இடத்தில் பூட்டிய மூடி ஒன்று மட்டும் இருக்கும். அவசரத்துக்குப் பணியாளர் வந்து ஓட்ட வேண்டுமென்றால் அதைத் திறந்துகொள்வார். பசார் செனி வரை ரயில் மேலே போகிறது, அப்புறம் சட்டென்று சரிந்து சுரங்கத்துக்குள் இறங்குகிறது. தண்டவாளம் இரண்டுக்கும் நடுவே ஒரு தட்டையான உலோகப் பட்டை ஓடுவதைக் கவனித்துப் பாருங்கள். இந்த ரயிலில் மோட்டார் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. அந்தப் பட்டையின் மேல் காந்த விசையைச் செலுத்தித்தான் பெட்டியை நகர்த்துகிறது. கனடாவின் வான்கூவர் நகர ரயிலும் இதே வகை. சக்கரம் வழுக்குமே என்ற கவலை இல்லாததால் ஏற்ற இறக்கத்தைச் சுலபமாகத் தாண்டுகிறது.

அம்மா கண்ணாடியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏம்மா, இத யாரு ஓட்டுறா?”

“யாரும் இல்லம்மா. கம்ப்யூட்டர்தான்.”

“அப்ப எதிர்ல ஏதாச்சும் வந்துட்டா?”

“எதிர்ல எதுவும் வராதும்மா. வர வழியே இல்ல.”

அந்த பதிலைச் சொன்ன பிறகுதான் நானே அதைப் பற்றி நிறைய யோசித்தேன். இந்த ரயில் ஓட்டுநர் இல்லாமல் ஓடுவதற்குக் கணினி பாதிக் காரணம்தான். மறு பாதி, அதன் பாதையில் வேறு யாருக்கும் அனுமதி இல்லை என்பது. தடம் பெரும்பாலும் தூணின் மேல் போகிறது, அல்லது சுரங்கத்துக்குள் போகிறது. சாலை அதைக் குறுக்கே கடப்பதில்லை. நாய் ஓடாது, மோட்டார் சைக்கிள் புகுந்து போகாது. சுரங்க நிலையங்களில் நடைமேடைக்கே கண்ணாடிக் கதவு போட்டிருக்கிறார்கள். பின்னால் வந்த காஜாங், புத்ராஜெயா எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) தடங்களும் ஓட்டுநர் இல்லாதவைதான். அவற்றில் எல்லா நடைமேடையிலும் கதவு உண்டு. வண்டிக்கு ஓட்டுநரை எடுத்துவிட்டால், அந்த இடத்தில் வேலி போட வேண்டியிருக்கிறது. ரயிலுக்கு இது நியாயமான பேரம். வேலியை ஆகாயத்துக்குத் தூக்கிவிட்டோம், கீழே ஊர் தன் பாட்டுக்கு நடக்கிறது.

காருக்கு அந்தப் பேரம் எப்படி இருக்கும்? அதுதான் என் பெரிய கவலை.

பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தனை எடுத்துக்கொள்ளுங்கள். 2010இல் லிட்டில் இந்தியா என்று தோரண வாயில் கட்டித் திறந்த அதே தெரு. பூமாலைக் கடைக்காரர் காக்கி லீமாவிலிருந்து (கடை வரிசைக்கு முன்னால் உள்ள கூரை போட்ட நடைவழி) ஓரடி வெளியே மேசை போட்டிருப்பார். லாரியிலிருந்து வாழை இலைக் கட்டு இறக்குவார்கள். வெற்றிலை வாங்க வந்தவர் மோட்டார் சைக்கிளை அணைக்காமல் ஓரத்தில் நிறுத்திவிட்டு, கடைக்காரரிடம் கையை மட்டும் நீட்டுவார். வெள்ளைப் பிரம்போடு பார்வையற்றவர்கள் தினமும் இந்தத் தெருவில் நடக்கிறார்கள், கடக்கிறார்கள். இந்தத் தெருவில் ஓட்டுகிற நம் ஆள் கண்ணைப் பார்த்து, தலையாட்டி, கையைக் காட்டித்தான் வண்டியை நகர்த்துகிறார். கணினி ஓட்டும் காரை இங்கே விட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். எல்லாருக்கும் நின்று நின்று வழிவிடும். அது நின்றுவிடும் என்று தெரிந்ததும் எல்லாரும் தைரியமாகக் கடப்பார்கள். கார் நகரவே நகராது. இல்லையென்றால், கார் போக வேண்டுமே என்று இரண்டு பக்கமும் கம்பி வேலி வைத்து, குறுக்கே கடப்பதற்குத் தெருக்கோடியில் ஒரு மேம்பாலம் கட்டித் தருவார்கள்.

முதலாவது நடந்தால் எனக்குச் சந்தோஷம். தெரு நடப்பவருக்கே திரும்பி வரும். ஆனால் கார் வாங்கியவர்களும் விற்பவர்களும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்கள். வேலி கேட்பார்கள். கேட்கும்போது அதைப் பாதுகாப்பு என்ற பெயரில்தான் கேட்பார்கள். ஃபெடரல் ஹைவே ஓரத்தில் குடியிருப்பவர்களைக் கேளுங்கள். வேகமாகப் போகிற வண்டிக்காக நிலத்தை இரண்டாகப் பிரித்தால் எதிர்ப்பக்கத்துக் கடைக்குப் போவதே எவ்வளவு பெரிய பயணமாகிவிடுகிறது என்று சொல்வார்கள். தைப்பூசத்துக்கு ஜாலான் துன் எச்.எஸ். லீ மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படும்போது அந்தச் சாலைகள் ராத்திரி முழுக்க மனிதர்களுடையவை. சாலை என்பது அப்படியும் பயன்பட வேண்டிய இடம். நடுவில் வேலி வந்துவிட்டால் ரதம் எங்கே திரும்பும், தண்ணீர்ப் பந்தலை எங்கே போடுவது?

சரி, ரயிலுக்குத் திரும்புகிறேன். அது ஊரை மாற்றியதா? மாற்றியது. ஆனால் எந்த இடத்தில் மாற்றியது என்று பார்க்க வேண்டும். பங்சாரிலிருந்து அப்துல்லா ஹுக்கும், கெரிஞ்சி, யுனிவர்சிட்டி என்று போகும்போது ஜன்னலோரம் நில்லுங்கள். தடம் தூணின் மேல் போவதால் உங்கள் கண் மட்டம் பக்கத்துக் கட்டடத்தின் மூன்றாவது நான்காவது மாடிக்கு நேராக இருக்கும். அந்த மாடிகளில் யார் குடியிருக்கிறார்கள் என்று பாருங்கள். கார்கள். கொண்டோவோ அலுவலகமோ, கீழே வரிசையாக அத்தனை மாடிகளும் கார் நிறுத்துமிடம், அதற்கு மேல்தான் மனிதர்கள். பாதி இருட்டில் பம்பர் பம்பராகத் தெரியும், ஒரு மனித முகம் தெரியாது. ரயில் நிலையத்தைப் பார்த்தபடி நிற்கும் கட்டடம்கூட, ரயிலே இல்லாத ஊரில் கட்டியது போலத்தான் இருக்கிறது.

இதை நான் கையால் வரைந்திருக்கிறேன், அதனால் கணக்கும் தெரியும். ஒரு கார் நிற்க 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். பன்னிரண்டரை சதுர மீட்டர். ஆனால் கார் அந்தரத்தில் வந்து இறங்காது. அது வந்து திரும்ப நடுவழி, ஏற சரிவுப்பாதை, தூண், லிஃப்ட் முன்னால் இடம் என்று எல்லாம் சேர்த்தால் ஒரு காருக்கு ஏறத்தாழ 30 சதுர மீட்டர் போய்விடும். இரண்டு காருக்கு 60. அதாவது சுமார் 650 சதுர அடி. நம் மக்கள் நிறையப் பேர் வாழும் பிபிஆர் என்ற அரசாங்க மலிவு ஃபிளாட்டில் மூன்று அறை வீடு 650, 700 சதுர அடிதான். அப்பா, அம்மா, பாட்டி, மூன்று பிள்ளைகள் என்று ஒரு குடும்பம் வாழும் அதே பரப்பைத்தான் இரண்டு காருக்குக் கொடுக்கிறோம். அந்தக் காரும் நாளின் பெரும்பகுதி சும்மாதான் நிற்கிறது.

ஓட்டுநர் இல்லாத கார் இந்த இடத்தில்தான் உண்மையான நம்பிக்கை தருகிறது. வாசலில் ஆளை இறக்கிவிட்டுத் தானே போய் நின்றுகொள்ளும் காருக்குக் கதவைத் திறக்க இடைவெளி வேண்டாம். ஒன்றோடொன்று நெருக்கி நிறுத்தலாம். பலர் பகிர்ந்துகொள்ளும் காராக இருந்தால் நிற்கவே வேண்டாம், அடுத்தவரை ஏற்றப் போய்விடும். அப்போது அந்த மாடிகள் காலியாகும். காலியான மாடியில் வீடு கட்டலாமே என்று கேட்பீர்கள். பல கட்டடங்களில் முடியாது. இடத்தை மிச்சப்படுத்த மாடித் தளத்தையே சரிவுப்பாதையாக வைத்து வரைந்திருக்கிறோம், கார் ஏறிக்கொண்டே நிற்கும். சரிவான தரையில் கட்டில் போட முடியாது. கூரை உயரமும் காருக்குப் போதுமான அளவுதான், குழாயும் விளக்கும் போக மனிதர் வாழ உயரம் மிஞ்சாது. நடு மாடிக்கு வெளிச்சமும் காற்றும் வராது. ஆகவே தளத்தைச் சமமாகவும், மாடியைக் கொஞ்சம் உயரமாகவும், சரிவுப்பாதையைப் பின்னால் கழற்றி எடுக்கிற மாதிரி ஓரமாகவும் வரைய வேண்டும். இதை இன்றைய பிளானில் செய்தால்தான் 2050இல் அது வீடாக மாறும். கட்டுகிறவருக்குச் செலவு கூடும், அதனால் சட்டம் சொன்னால்தான் செய்வார். மாநகர் மன்றம் ஒரு வீட்டுக்கு இத்தனை கார் கட்டாயம் என்று கேட்பதை விட்டு, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இத்தனைக்கு மேல் கூடாது என்று கேட்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கார் தானே போய் நிற்கும் என்றால், பார்க்கிங் கட்டணம் அதிகமுள்ள இடத்தில் அது ஏன் நிற்க வேண்டும்? அம்பாங் பார்க்கில் முதலாளியை இறக்கிவிட்டு, ஆள் இல்லாமல் செராஸ் வரை திரும்பிப் போய் வீட்டு வாசலில் நிற்கும். சாயங்காலம் மறுபடி காலியாக வரும். இரண்டு பயணம் நான்காகும். காரில் தூங்கிக்கொண்டே வரலாம் என்றால் தள்ளியிருக்கும் ரவாங்கும் செமினியும் நீலாயும் பக்கமாகிவிடும், மிச்சமிருக்கும் செம்பனைத் தோட்டமும் வீடுகள் நிறைந்த தாமானாகிவிடும். பெரிய சாலை ஒன்றில் ஒரு தடத்தில் மணிக்குச் சுமார் 2000 கார்தான் போக முடியும். எல்லாக் காரையும் கணினி ஓட்டினால் இது கொஞ்சம் கூடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான்கு பெட்டி ரயிலில் 800 பேர் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், மூன்று நிமிடத்துக்கு ஒன்று வந்தால் மணிக்கு 16,000 பேர். காரை யார் ஓட்டினாலும் இந்தக் கணக்கு தலைகீழாகாது.

ரயிலின் தோல்வியையும் சொல்லாமல் விட்டால் இது மதிப்பீடாகாது. 2021 மே 24ஆம் தேதி கேஎல்சிசிக்கும் கம்போங் பாருவுக்கும் நடுவே சுரங்கத்தில் இரண்டு ரயில்கள் மோதின. ஒன்று பயணிகளோடு தானாக ஓடியது, இன்னொன்று ஆள் கையால் ஓட்டிவந்த காலி ரயில். 200க்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். தானியங்கி முறைக்கும் மனிதர் ஓட்டும் முறைக்கும் நடுவே கை மாறுகிற இடம் எவ்வளவு ஆபத்தானது என்று அன்று எல்லாரும் பார்த்தோம். சாலையில் பல பத்தாண்டுகளுக்கு இரண்டு வகை வண்டியும் கலந்துதான் ஓடும் என்பதை நினைத்தால் எனக்கு இந்த விபத்துதான் ஞாபகம் வருகிறது. அப்புறம் 2022 நவம்பரில் கட்டுப்பாட்டுக் கணினி பழுதாகி, கிளானா ஜெயாவிலிருந்து அம்பாங் பார்க் வரை 16 நிலையங்கள் ஒரேயடியாக நின்றன. அது சரியாவதற்கு ஐந்து நாள் ஆகிவிட்டது. ஒரு பஸ் பழுதானால் ஒரு பஸ்தான் நிற்கும். ஒரே மூளை எல்லாவற்றையும் ஓட்டினால் எல்லாம் ஒன்றாக நிற்கும். நாளை ஊரிலுள்ள காரெல்லாம் ஒரே நிறுவனத்தின் கணினியை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்று நகரத் திட்டம் போடுகிறவர்கள் இப்போதே கேட்டு வைக்க வேண்டும்.

இனி, எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் விஷயம். நிலையத்துக்கு வெளியே.

அம்மாவோடு போன அன்று நாங்கள் இறங்கிய நிலையத்தில் லிஃப்ட் பழுது. நகரும் படியில் ஒருவழியாகக் கீழே வந்தோம். கூரை போட்ட நடைபாதை நன்றாகத்தான் தொடங்கியது. ஒரு மெயின் ரோட்டு ஓரம் வந்ததும் அது பாட்டுக்கு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு கால்வாய் மூடியின் மேல்தான் நடக்க வேண்டும். ஒரு மூடி உடைந்து உள்ளே கம்பி தெரிந்தது. இன்னொன்றின் மேல் மோட்டார் சைக்கிள் நின்றது. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கால்வாய்க்கும் சாலைக்கும் நடுவே ஒரு சாண் இடத்தில் கால் வைத்து நடந்தார். போக வேண்டிய இடம் கண்ணுக்கு எதிரே தெரிந்தது, ஆறு தடச் சாலைக்கு அந்தப் பக்கம். கடைசியில் கிராப் வாடகைக் கார் கூப்பிட்டோம். சாலையின் அந்தப் பக்கம் போவதற்கு ஒரு கார். தொழில்நுட்பத்தில் உலகத் தரத்து ரயிலிலிருந்து இறங்கிய ஒரு கிழவி, மிச்சமிருந்த சின்னத் தூரத்துக்குக் காரை நம்ப வேண்டியதாகிவிட்டது.

நான் சொல்ல வருவது இதைத்தான். ஓட்டுநர் இருக்கிறாரா இல்லையா என்பது ஊரை மாற்றவில்லை. வண்டியின் கதவு எங்கே திறக்கிறது, திறந்ததும் காலை எங்கே வைக்கிறோம் என்பதுதான் மாற்றியது. நிலையத்தைச் சுற்றி நிழலும் நடைபாதையும் கடையும் உள்ள இடத்தில் ரயில் ஊரை வளர்த்தது. இல்லாத இடத்தில் அதே ரயில் மேலே ஓடுகிறது, கீழே எல்லாரும் காரில் போகிறார்கள்.

ஆகவே ஓட்டுநர் இல்லாத வண்டி முதலில் எங்கே வர வேண்டும் என்று என்னைக் கேட்டால், தனியார் காராக வர வேண்டாம் என்பேன். நிலையத்திலிருந்து தாமானுக்குள் போய்வரும் சின்ன வேனாக வரட்டும். செயலியில் கூப்பிட்டால் வரும் வேனை ரேப்பிட் கேஎல் இப்போதே ஓட்டுகிறது, இப்போதைக்கு ஓட்டுநரோடு. அந்த வேன் மெதுவாகப் போனால் போதும். மெதுவாகப் போகிற வண்டிக்கு வேலி தேவையில்லை, தெருவில் நடப்பவரோடு சேர்ந்தே போகலாம். அதில் வேலை இழக்கும் ஓட்டுநர்களில் நம் ஆட்கள் நிறையப் பேர் இருப்பார்கள். வண்டியில் ஏறி இறங்க முதியவர்களுக்கு உதவ ஓர் ஆளை வைத்தால் அவர்களுக்கும் வழி உண்டு. கணினி காரை ஓட்டும், அம்மாவின் கையைப் பிடித்து இறக்காது.

அப்புறம் சாலையோரம். கார் நிறுத்துமிடம் குறையக் குறைய, ஏற்றி இறக்கும் இடத்துக்குச் சண்டை வரும். கடை வாசல் முழுக்க வண்டி வந்து வந்து நிற்கும். அந்த இடத்தை இப்போதே கோடு போட்டு ஒதுக்காவிட்டால் காக்கி லீமாவுக்கு முன்னால் ஒரு நிரந்தரக் கார்ச் சுவர் எழும்பிவிடும். ஒரு தெருவுக்கு இரண்டு இடம் போதும், மிச்சத்தை மரத்துக்கும் நடைபாதைக்கும் பூக்கடை மேசைக்கும் கொடுக்க வேண்டும்.

என் மதிப்பெண்: ரயிலுக்கு ஐந்தில் நாலரை. கூட்டத்துக்காகவும் அந்த ஐந்து நாளுக்காகவும் அரை குறைத்தேன். நிலையத்துக்கு உள்ளே நாலு. நிலையத்துக்கு வெளியே, கே.எல். சென்ட்ரல் போன்ற சிலவற்றை விட்டுவிட்டால், இரண்டு. ஏறாதவர்கள் ஒரு தடவை ஏறிப் பாருங்கள். இறங்கின பிறகு நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்து பாருங்கள், முடிந்தால் வீட்டிலிருக்கும் வயதானவரோடு. எங்கே நடைபாதை முடிகிறதோ அந்த இடத்தைப் போட்டோ எடுத்து மாநகர் மன்றத்துக்கு அனுப்புங்கள், நிலையத்தின் பெயரையும் தேதியையும் போட்டு. நான் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். கால்வாய் மூடி ஒன்றை மாற்றியிருக்கிறார்கள்.